கிடங்கில் பல ரோபோக்கள் இருந்தால், எந்த வேலை யாருக்கு என்று எப்படி முடிவாகிறது?

பிரபலமான ஒரு வழி, ஏலம். 1980-ல் ரீட் ஸ்மித் விவரித்த ‘காண்ட்ராக்ட் நெட்’ முறை நம்மூர் டெண்டர் மாதிரியே இருக்கும்: வேலையை அறிவிப்பார்கள், ஒவ்வொரு ரோபோவும் தனக்கு ஆகும் செலவைச் சொல்லும், குறைவாகக் கேட்டதற்கு வேலை.

சிக்கல் எங்கே என்றால், ஒவ்வொன்றாக ஏலம் விடும்போதுதான். ‘அ’, ‘ஆ’ என்று இரண்டு ரோபோ, போக வேண்டிய இரண்டு அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அலமாரி ‘அ’வுக்கு 10 மீட்டர், ‘ஆ’வுக்கு 11. இரண்டாவது ‘அ’வுக்கு 12, ‘ஆ’வுக்கு 40. முதல் ஏலத்தை ‘அ’ வெல்லும். ‘ஆ’ பாவம், 40 மீட்டர் ஓட வேண்டும். மொத்தம் 50. மாற்றிக் கொடுத்திருந்தால் வெறும் 23! ஆளுக்கொரு வேலை என்றால், ஹரால்டு கூன் 1955-ல் வெளியிட்ட ஹங்கேரிய முறை இந்தச் சிறந்த விடையைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும்.

சரி, ஒரு பெட்டியைத் தூக்கவே மூன்று ரோபோ வேண்டுமென்றால்? அங்கேதான் தலைவலி. 20 ரோபோக்களிலிருந்து எல்லா அளவிலும் சேர்த்து அமைக்கக்கூடிய குழுக்கள் மட்டும் 10,48,575. எந்தக் குழுவுக்கு எந்த வேலை என்று எல்லாச் சேர்க்கைகளையும் அலசுவதற்குள் லாரி கிளம்பிவிடும். அதனால் குழுவின் அளவுக்கு ஒரு வரம்பு வைத்து, ஓரளவு நல்ல விடையோடு நிறுத்திக்கொள்வார்கள். என்னைக் கேட்டால், ரோபோக்கள் அடிக்கடி பழுதாகும் இடத்தில் அதுவே போதும். நடுவில் ஒன்று நின்றாலும் அதன் வேலையை மட்டும் மறுபடி ஏலம் விடலாம்.