அந்தத் தொண்ணூறு எதைக் குறிக்கிறது?

அன்புள்ள டாக்டர்,

என் அக்காவுக்கு மார்பகத்தில் கட்டி. புற்றுநோய் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். பயாப்சி அறிக்கையின் இரண்டாம் பக்கம் நேற்றுதான் கைக்கு வந்தது. ஈஆர் பாசிட்டிவ், 90 சதவீதம், பிஆர் பாசிட்டிவ், 40 சதவீதம், ஹெர்2 2+, கேஐ-67 18 சதவீதம். "எல்லாமே பாசிட்டிவ், தொண்ணூறு சதவீதம் பரவிவிட்டது" என்று அக்கா சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். மருத்துவரைப் பார்க்க இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன. இவற்றுக்கு என்ன பொருள்?

ம.

அன்புள்ள ம.,

முதலில் அக்காவிடம் போய் ஒன்றைச் சொல்லிவிட்டு வாருங்கள். அந்த 90 பரவலின் அளவு அல்ல. நோய் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வரிகளும் பேசவே இல்லை.

ஊசியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து, மெல்லிய ஏடாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் வைத்துச் சாயமேற்றி, திசுவை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதும் எங்கள் மேசைக்கு அனுப்புவார்கள். ஈஆர் என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம். அது இருக்கும் செல்லின் உட்கரு பழுப்பாகும். இல்லாதது நீலமாகவே நிற்கும். அக்காவின் சில்லில் நூறு புற்றுச் செல்களுக்குத் தொண்ணூறு பழுப்பு. அவ்வளவுதான் செய்தி. பிஆர் என்பது புரோஜெஸ்டிரோன் ஏற்பி. அதற்கும் இதே கணக்கு.

இது நல்ல செய்தி என்பதுதான் வேடிக்கை. இந்தச் செல்கள் ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்பவை. அந்தத் தீனியை மறிக்க மாத்திரைகள் உண்டு: டமாக்சிஃபென், மாதவிடாய் நின்றவர்களுக்கு அரோமடேஸ் தடுப்பிகள். 1896இல் பீட்சன் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு, ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் சினைப்பைகளை அகற்றினால் கட்டி சுருங்குவதைக் கண்டு எழுதினார். எல்லோருக்கும் அது பலிக்கவில்லை. ஏன் சிலருக்கு மட்டும் என்பதற்கான விடை இந்த ஏற்பியில் இருந்தது. அது தெரியவரப் பல பத்தாண்டுகள் ஆயின. ஒரு சதவீதச் செல்கள் பழுப்பானாலே பாசிட்டிவ் என்றுதான் எழுதுவோம், ஒன்று முதல் பத்து வரை 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியாகக் குறிப்போம். உங்கள் அக்கா அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறார். மருத்துவத்துக்குள் பாசிட்டிவ் என்ற சொல்லைக் கொண்டுவந்தவர்மீது எனக்குப் பழைய கோபம் உண்டு. அந்த ஒரு சொல் எத்தனை வீடுகளில் அடுப்பை அணைத்திருக்கிறது!

இனி அந்த 2+. கூட்டல் குறியைப் பார்த்து அதையும் அக்கா பாசிட்டிவ் கணக்கில் சேர்த்துவிட்டார். அது இன்னும் முடிவாகாத விடை. ஹெர்2 செல்லின் சுற்றுச்சவ்வில் இருக்கும் புரதம். 0, 1+ என்றால் நெகட்டிவ். 3+ என்றால் செல்லைச் சுற்றி இடைவெளி இல்லாத அடர்ந்த பழுப்பு வேலி, சந்தேகத்துக்கே இடமில்லை. 2+ இல் வேலி இருக்கும், ஆனால் வெளிறியிருக்கும். காலையில் 1+ என்று நினைத்த சில்லை மாலையில் எடுத்துப் பார்த்து 2+ என்று எழுதிய நாட்கள் எனக்கு உண்டு. அதனால்தான் அடுத்து ஃபிஷ் பரிசோதனை: 17ஆம் குரோமோசோமில் உள்ள ஹெர்2 மரபணு எத்தனை பிரதிகளாகப் பெருகியிருக்கிறது என்று ஒளிரும் புள்ளிகளாக எண்ணுவார்கள். பெருகியிருந்தாலும் இடிந்துபோக வேண்டாம். ஒரு காலத்தில் மிகவும் அஞ்சப்பட்ட வகைதான் அது; 1998இல் அமெரிக்காவில் ஹெர்2ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அனுமதி பெற்ற பிறகு கதை மாறிவிட்டது.

கேஐ-67, எத்தனை செல்கள் பெருகும் முனைப்பில் இருக்கின்றன என்பதைச் சொல்வது. 5க்குக் கீழே, 30க்கு மேலே என்றால் எங்களுக்குள் தகராறு குறைவு. 18 நடுவில் கிடக்கிறது; அதே சில்லை இன்னொருவர் எண்ணினால் 14 என்றோ 23 என்றோ எழுதக்கூடும். அந்த எண்ணுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான்கு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையே தொலைபேசியில் கேளுங்கள்: ஃபிஷ்ஷுக்கு அனுப்பியாயிற்றா? இல்லையென்றால் அதே மெழுகுக் கட்டியிலிருந்து செய்யலாம், அக்காவுக்கு மறுபடி ஊசி தேவைப்படாது. முடிவு வந்ததும் எழுதுங்கள்.