சாயங்காலம் ஐந்தரைக்குப் போனை வையுங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 33 வயது. சொந்த ஊர் கும்பகோணம். கணவருக்கு பேங்க் வேலை. டிரான்ஸ்ஃபர் ஆகி, போன கார்த்திகையில் வேலூர் வந்தோம். சத்துவாச்சாரியில் வாடகை வீடு. பையன் யூகேஜி படிக்கிறான். கணவர் வீடு திரும்ப எட்டரை ஆகிவிடும். இந்த ஊரில் ரசிக்க ஒன்றுமே இல்லை அக்கா. கோட்டை, தங்கக் கோயில், ஏலகிரி எல்லாம் வந்த புதிதிலேயே பார்த்து முடித்தாயிற்று. வெளியே தலைகாட்ட முடியாத வெயில். வீட்டுக்காரம்மாவே ‘சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, அதான் வேலூர்’ என்று சிரிக்கிறார். காய்காரம்மா முதல் நாளே ‘இன்னா வேணும் உனுக்கு?’ என்றார். மனசு சுருங்கிவிட்டது. சாயங்காலம் அம்மாவோடு வீடியோ காலில் பேசுகிற ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு உயிர். ‘சின்னச் சின்ன சந்தோஷங்களைத் தேடிக்கோ’ என்கிறார் கணவர். எங்கே போய்த் தேடுவது?
(பெயர் வேண்டாம், சத்துவாச்சாரி)

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் வீட்டுக்காரம்மா சொன்னது இந்த ஊரில் எல்லாரும் சின்ன வயதிலிருந்து சொல்லிச் சிரிக்கிற வசனம்தான். ஆனால் அதில் முதல் பகுதி எப்போதோ காலாவதியாகிவிட்டது. கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் பல தலைமுறைகளாக மூலவர் இல்லாமல் கிடந்தது உண்மை. 1981இல் லிங்கத்தைக் கொண்டுவந்து மறுபடி வைத்தார்கள். எங்கிருந்து தெரியுமா? உங்கள் சத்துவாச்சாரியிலிருந்துதான். அத்தனை காலம் சாமியே குடியிருந்த இடத்தில்தான் நீங்களும் குடியிருக்கிறீர்கள். என்ன, அவர் வாடகை கொடுக்கவில்லை. அப்புறம் பாலாறு. 2021 நவம்பரில் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனது. மற்ற நாளில் மணல்தான், ஒப்புக்கொள்கிறேன். மேட்டூர் திறக்கிற ஜூன் 12க்கு முன்னால் உங்கள் காவிரி மட்டும் என்னவாம்? ராஜா விஷயத்தில்தான் ஒன்றும் செய்வதற்கில்லை.

வெயிலைப் பற்றி நான் வாதாட மாட்டேன். 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் இருந்துகொண்டு ‘பழகிவிடும்’ என்று சொன்னால் அது பொய். பிறந்து வளர்ந்தவர்களுக்கே பழகவில்லை. சுற்றிலும் பாறை மலை. பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது ராத்திரி வரைக்கும் விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் இங்கே எல்லாரும் நாளையே வேறு மாதிரி வெட்டி வைத்திருக்கிறார்கள். விடிகாலையில் ஒரு ஊர், சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஒரு ஊர். நடுவில் இருப்பது கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டிய நேரம். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், காலையில் பையனைக் கிளப்புகிற அவசரம், சாயங்காலம் அம்மாவோடு போன். ஊர் முழித்திருக்கிற இரண்டு வேளையிலும் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள்.

ஆகவே முதல் காரியம். அம்மாவோடு பேசுவதைப் பகல் பன்னிரண்டு மணிக்கு மாற்றுங்கள். அவர்களுக்கும் அப்போது சமையல் முடிந்திருக்கும். அம்மாவிடம் பேச வேண்டாம் என்று எந்தப் பாவி சொல்வாள்? தெருவில் பெண்கள் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் படியில் உட்கார்கிற நேரத்தில் நீங்கள் கும்பகோணத்தில் இருக்கிறீர்கள். அதுதான் பிரச்சினை. ஐந்தரைக்குப் போனை உள்ளே வைத்துவிட்டு வாசற்படியில் உட்காருங்கள். கையில் உரிக்கப் பூண்டோ ஆயக் கீரையோ இருந்தால் நல்லது. சும்மா உட்கார்ந்தால் உங்களுக்கே கூச்சமாக இருக்கும். முதல் வாரம் யாரும் பேச மாட்டார்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது தெரிந்தால் உங்கள் மனசு அவ்வளவு சுருங்காது.

வேலூர் ஆஸ்பத்திரி ஊர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் தொடங்கிய சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்கள் வந்தபடியே இருக்கிறார்கள். ஆற்காடு ரோட்டில் நடந்து பாருங்கள், கடைப் பலகையில் வங்காள எழுத்து இருக்கும். வந்தவர்கள் வைத்தியம் முடிந்ததும் ஊரைப் பார்த்துப் போய்விடுவார்கள். பொட்டிக்கடைக்காரர், ஆட்டோக்காரர், காய்காரம்மா எல்லாரும் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். புது முகம் என்றால் ‘இது எத்தனை நாளைக்கு’ என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டுச் சில்லறையைக் கொடுப்பார்கள். ஊர் பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். நீங்கள் போகப்போவதில்லை என்பதை அவர்களுக்கு நீங்கள்தான் காட்ட வேண்டும். ஒரே கடைக்கு, ஒரே நேரத்துக்கு, திரும்பத் திரும்பப் போவதுதான் வழி. ஆன்லைனில் மளிகை வரவழைக்கிறீர்கள் என்றால் பாதியையாவது நிறுத்துங்கள். தங்கக் கோயிலையும் ஏலகிரியையும் நீங்கள் பார்த்துவிட்டீர்கள், சரி. உங்களை இந்த ஊரில் யாரும் இன்னும் பார்க்கவில்லை. சின்ன சந்தோஷம் என்று உங்கள் கணவர் சொல்வதில் பாதி, நம்மைத் தெரிந்த நாலு பேர் எதிரில் வருவதுதான். கும்பகோணத்தில் உங்களுக்கு அது பிறக்கும்போதே இருந்தது, அதனால் தேட வேண்டியிருக்கவில்லை.

காய்காரம்மா ‘உனுக்கு’ என்றதை மறந்துவிடுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ‘வாங்க, போங்க’வை எங்கள் வட ஆற்காட்டில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பெற்ற அப்பாவையே ‘நீ’ என்று கூப்பிடுகிற வீடுகள் நிறைய. அதில் அவமதிப்பு கிடையாது. நாளைக்கு அவரிடமே போய் முள்ளு கத்திரிக்காய் இருக்கிறதா என்று கேளுங்கள். அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் இலவம்பாடியில் விளைகிற காய். காம்பிலும் காம்பை ஒட்டிய தொப்பியிலும் முள் இருக்கும், எடுக்கும்போதே விரலில் குத்தும். 2023இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்திருக்கிறது. வெளியூர்ப் பெண் அதைப் பெயர் சொல்லிக் கேட்டால் அந்த அம்மா நிமிர்ந்து பார்ப்பார், எண்ணெய் எவ்வளவு விட வேண்டும் என்பது வரைக்கும் வகுப்பெடுப்பார். எங்கள் பக்கம் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்திரிக்காய்தான் செய்வோம். நீங்கள் சுட்டுக் கொத்சு பண்ணிப் பாருங்கள். நல்ல சதைப்பற்றுள்ள காய், கொத்சுவுக்கு வாகாக இருக்கும். ஒரு கிண்ணம் வீட்டுக்காரம்மாவுக்கும் போகட்டும். கிண்ணம் வெறுமனே திரும்பி வராது, அது எங்கள் ஊர் வழக்கம்.

கோட்டையை ‘பார்த்து முடித்தாயிற்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள்? பதினோரு மணிக்குப் போயிருந்தால் நீங்கள் பார்த்தது வெறும் சுட்ட கருங்கல். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கணவரையும் எழுப்பிக்கொண்டு போங்கள். 133 ஏக்கர் இடம், அகழித் தண்ணீரைத் தொட்டு வருகிற காற்று, நடைப்பயிற்சிக்கு வந்தவர்களின் அரசியல் சண்டை. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் பையனைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். தூணில் யாளியும் பாய்கிற குதிரையும் இருக்கும். மேலே கூரையில் வட்டமாகச் செதுக்கிய கிளிகள் இருக்கின்றன, எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடிப்பதற்குள் கழுத்து வலிக்கும், அடுத்த வாரம் மிச்சத்தை எண்ண அவனே கூப்பிடுவான். திரும்பும்போது பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மூன்று பேரும் டிபன் சாப்பிட்டுவிட்டு வரலாம். இதில் கணவருக்கும் வேலை இருக்கிறது. சந்தோஷத்தைத் தேடிக்கொள் என்று சொன்னவர் வாரத்தில் ஒரு காலைத் தூக்கத்தையாவது விட்டுக்கொடுக்க வேண்டாமா? இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

பையனுக்கு இன்னொன்று. வெயிலைத் திட்டுகிறீர்களே, வெயில் அடித்தால்தான் வேலை செய்கிற ஒரு பொருள் விரிஞ்சிபுரத்தில் இருக்கிறது. மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் மணி காட்டும் கல். எண்கள் செதுக்கிய அரைவட்டக் கல், மேலே குழியில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. பள்ளிகொண்டா பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். கோயில் மதிலையும் பாருங்கள். உங்கள் பக்கம் மன்னார்குடி மதிலழகு என்பீர்கள், இங்கே விரிஞ்சை மதிலழகு என்பார்கள். எது உசத்தி என்பதை வீட்டுக்குள்ளேயே சண்டை போட்டு முடிவு செய்துகொள்ளுங்கள், என்னை இழுக்காதீர்கள்.

வார நாளுக்கு ஒன்று சொல்கிறேன். அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதை மறக்காதீர்கள். சாயங்காலம் ஏறி நேதாஜி மார்க்கெட் போய், இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு திரும்புங்கள். வேறு வேலை எதுவும் இருக்க வேண்டியதில்லை. கதம்பம் கேட்டு விலை பேசுவதிலேயே ஒரு பொழுது போகும்.

இவ்வளவும் செய்தும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று இருந்தால் அது ஊரின் கோளாறு ஆகாது. டாக்டரைப் பாருங்கள், அதற்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை.

கடைசியாக, ஆடி வருகிறது. எங்கள் பக்கம் ஆடி என்றால் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். வீட்டுக்கு ஒரு குடமோ குண்டானோ கூழ் காய்ச்சி எடுத்துப்போய்க் கோயில் அண்டாவில் ஊற்றுவார்கள். எல்லார் வீட்டுக் கூழும் ஒன்றாகக் கலந்து, படைத்த பிறகு தூக்கிலும் சொம்பிலும் வாங்கிக்கொண்டு வருவார்கள். நீங்கள் வீட்டுக்குள் இருந்தால் யாராவது ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுப்பார்கள்தான். இந்த வருஷம் நீங்களும் ஒரு குடம் காய்ச்சுங்கள். முந்தின நாளே கேவுரு மாவை, அதாவது கேழ்வரகு மாவை, கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். மறுநாள் நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, அதில் மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். ஆறின பிறகுதான் மோரும் சின்ன வெங்காயமும். கை விடாமல் கிளறுவது முதல் தடவை தனியாக முடியாது. எந்த ஞாயிற்றுக்கிழமை ஊற்றுகிறார்கள், ஒரு குடத்துக்கு எத்தனை படி மாவு என்பதை வீட்டுக்காரம்மாவிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். பெரிய குண்டானும் அவரிடம்தான் இருக்கும்.