உணவின் கலோரிக் கணக்கு யாருடைய ஆய்விலிருந்து வந்தது?

பிஸ்கட் பொட்டலத்தில் அச்சிடப்படும் கலோரிக் கணக்குக்கு அடித்தளமிட்டவர் என்று அமெரிக்க வேளாண் வேதியியலாளர் வில்பர் அட்வாட்டரையே சொல்ல வேண்டும். 1869இல் மக்காச்சோளத்தின் வேதிக்கூறுகளை ஆராய்ந்து யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், ஜெர்மனியில் மேலும் பயின்று திரும்பி, 1875இல் கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுனில் தொடங்கிய வேளாண் ஆய்வு நிலையத்துக்குத் தலைமை தாங்கினார். ஆனாலும் அவர் பெயர் நிலைத்தது, இயற்பியலாளர் எட்வர்ட் ரோசாவுடன் சேர்ந்து 1890களில் அமைத்த வெப்ப அளவீட்டு அறையால்தான். ஓர் ஆள் நாள்கணக்கில் அந்தச் சிற்றறைக்குள்ளேயே உண்டு, உறங்கி, உழைக்க, அவர் உடல் வெளிவிடும் வெப்பத்தைக் குழாயில் ஓடும் நீர் ஏற்று வெளியே கொண்டுவரும். மூச்சுக்காற்றும் கழிவும்கூட அளவுக்குத் தப்பவில்லை. கிராமுக்குப் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் 4, கொழுப்புக்கு 9 கிலோகலோரி என்னும் கணக்கு அவரது ஆய்வுகளின் விளைவே. மதுவும் உடலுக்கு எரிபொருளாகிறது என்று அளந்து சொன்னதால் மதுவிலக்கு இயக்கத்தார் கொதித்தெழுந்தார்கள். வைட்டமின்கள் அறியப்படாத காலமாதலால், ஏழைத் தொழிலாளர்கள் காய்கறிக்குப் பணத்தை வீணாக்க வேண்டாம் என்ற அவரது அறிவுரைதான் இன்று உறுத்துகிறது.