கணிப்பு தவறினால் விதி தோற்றதா?

கேள்வி: ஒரு கணிப்பு பொய்த்தாலே அந்த அறிவியல் கொள்கையைக் கைவிட வேண்டும் என்பது தத்துவ அறிஞர் கார்ல் பாப்பரின் கருத்து என்று படித்தேன். விஞ்ஞானிகள் அப்படியா நடக்கிறார்கள்?
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: அப்படி நடந்திருந்தால் நெப்டியூன் அன்று கிடைத்திருக்காது. 1781-ல் ஹெர்ஷல் கண்டுபிடித்த யுரேனஸ், நியூட்டன் விதிப்படி கணக்கிட்ட பாதையை விட்டு விலகியது. பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே விதியைத் தொடவில்லை. வெளியே இன்னொரு கோள் இழுக்கிறது என்று கொண்டு அதன் இடத்தைக் கணக்கிட்டு பெர்லின் வானாய்வகத்துக்கு எழுதினார். 1846 செப்டம்பர் 23 இரவு, அங்கிருந்த வானியலாளர் காலே தொலைநோக்கியில் கண்ட விண்மீன்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மாணவர் தாரெஸ்ட் வரைபடத்தில் சரிபார்த்தார். வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி, சொன்ன இடத்திலிருந்து 1 பாகைக்குள் சிக்கியது.

கணிப்பு என்பது விதி மட்டுமல்ல. கோள்களின் பட்டியல், நிறை, கருவியின் துல்லியம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. தவறினால் எங்கோ பிழை என்று தெரியும். எதில் என்று தெரியாது. பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் துயெம் 1906-ல் இதைத் தெளிவாக விளக்கினார்.

பாப்பரும் இதை அறிந்தவர்தான். விதியைக் காக்க, ‘இன்னொரு கோள் இருக்கிறது’ என்பது போன்ற துணைக் கருதுகோள் சேர்க்கலாம். ஆனால் அது தனியே சோதிக்கத்தக்க புதிதொன்றைச் சொல்ல வேண்டும் என்றார். புதன் கோளைப் பாருங்கள். அதன் சூரிய அண்மைப் புள்ளியின் நகர்வில், நூறு ஆண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை, பாகையில் 3600-ல் ஒரு பங்கு) கணக்கில் வராமல் நின்றது. முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு! 1859-ல் லெவெரியே மறுபடியும் காணாத கோளைத்தான் காரணம் சொன்னார். அதில் தவறில்லை, தேடிப் பார்க்க முடிந்தது. கிடைக்கவில்லை. 1894-ல் அமெரிக்க வானியலாளர் அசாஃப் ஹால், ஈர்ப்பு விதியில் தூரத்தின் அடுக்கான 2-ஐ 2.00000016 ஆக்கினார். புதனுக்குப் பொருந்தும்படி எடுத்த எண், புதனுக்குப் பொருந்தியது; சந்திரனுக்குப் பொருந்தவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளில் அந்த 43, எந்த எண்ணையும் திருகாமலே வந்தது. நியூட்டன் விதி விட்டுக்கொடுத்தது அப்போதுதான்.

உங்கள் ஆய்வகத்திலேயே செய்து பாருங்கள். ஊசல் சோதனையில் g (புவியீர்ப்பு முடுக்கம், மீ/வி²), 9.8-க்குப் பதில் 9.5 வருகிறதா? குண்டின் ஆரத்தை விட்டுவிட்டு நூலை மட்டும் அளந்திருக்கலாம். 50 செ.மீ. நூலில் 1.5 செ.மீ. ஆரம் விட்டால் 3 சதவீதம் குறையும். “ஏதோ பிழை” என்று எழுதி முடிக்காதீர்கள். நூலை 100 செ.மீ. ஆக்குங்கள்: காரணம் அதுவானால் விடை 9.65-ஐ ஒட்டி வர வேண்டும். 9.5-லேயே நின்றால் நிறுத்துகடிகாரத்தைச் சோதியுங்கள்.