52இல் 27 போனால்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் பத்தொன்பது ஆண்டுகளாக அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி வருகிறேன். பள்ளிக்குள் திரைகள் நுழைவதைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், கைபேசி பொழுதைத் தின்னும் கருவியே தவிர கற்பதற்கான கருவி அன்று என்று சொல்லியிருந்தீர்கள். அது பாதி உண்மை என்றே எனக்குப் பட்டது.

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, கணினிகளும் வந்துவிட்டன. அண்மையில் ஒரு பயிற்சியில், இன்னும் பத்து ஆண்டுகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் செயற்கை நுண்ணறிவே தனித்தனியாகப் பாடம் நடத்தும், ஆசிரியர் வகுப்பைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். என் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். இயற்கணிதக் காணொளிகளை ஆசையோடு பார்க்கிறான். ஆனால் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுகிறான். கடன் வாங்கிக் கழிப்பதை எத்தனையோ முறை போர்டில் போட்டுக் காட்டிவிட்டேன், பலன் இல்லை.

2020இல் பள்ளி மூடியிருந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி, அவளுடைய அம்மா இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து கைபேசியோடு வீடு திரும்பியதும், தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியை வாசித்து வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக எனக்கு அனுப்புவாள். நான் கேட்டு, திருத்தம் சொல்லி, பதில் அனுப்புவேன். பல மாதங்கள் இது நடந்தது. அதே வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் அப்படிப்பட்ட கைபேசியே இல்லாததால், அவர்களை நான் முழுவதுமாக இழந்தேன். இந்தக் கருவிகளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, நம்பவும் முடியவில்லை. செயலிகளில் விவரங்களைப் பதிவேற்றுவதிலேயே பொழுது போகும் நாட்களில், பழைய கரும்பலகையே போதும் என்று தோன்றிவிடுகிறது. நான் இவற்றுக்கு அஞ்ச வேண்டுமா, பழகிக்கொள்ள வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத ஓர் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

அந்தச் சிறுமியைப் பற்றி நீங்கள் எழுதிய பகுதியை மூன்று முறை வாசித்தேன். கைபேசி கற்பதற்கான கருவி அன்று என்று நான் எழுதியது தவறு. அந்த வாக்கியத்தை விலக்கிக்கொள்கிறேன். வகுப்பே திரும்பிப் பார்க்க எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்ற அச்சம் அவள் தொண்டையை அடைத்திருந்தது. பிழை வந்தால் அழித்துவிட்டு மறுபடியும் வாசிக்கலாம், சிரிப்பதற்கு யாரும் இல்லை என்ற நிலையைக் கைபேசி அவளுக்குத் தந்தது. வகுப்பறை அதைத் தந்திருக்காது. ஆனால் அந்தப் பதிவுகள் யாரும் திறந்து பார்க்காத ஏதோ ஒரு சேமிப்பிடத்தில் போய் விழுந்துகொண்டிருந்தால், ஒரு வாரத்துக்கு மேல் அவள் அனுப்பியிருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன். மறுமுனையில் நீங்கள் இருந்தீர்கள், கேட்டீர்கள், எந்தச் சொல்லில் அவள் தடுக்கினாள் என்று சொன்னீர்கள். உங்கள் கேள்விக்கான என் பதிலை இந்த இடத்திலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

அந்தப் பையன் எழுதும் 35 கவனக்குறைவால் வருவதன்று. ஒன்றாம் இடத்தில் 2 மேலேயும் 7 கீழேயும் இருக்கின்றன. அவன் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 5 என்று போடுகிறான். பத்தாம் இடத்தில் 5இலிருந்து 2 போக 3. அவனிடம் ஒரு விதி இருக்கிறது, அதை அவன் பிசகாமல் பின்பற்றுகிறான். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நிகராகுவா நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் கழித்தல் விடைகளைக் கணினியைக் கொண்டு ஆராய்ந்து, பிழைகளில் பல இப்படிப்பட்ட உறுதியான தவறான விதிகளிலிருந்து பிறக்கின்றன என்று 1978இல் காட்டினார்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் உங்கள் மாணவனின் விதியும் அவர்கள் பட்டியலில் இருக்கிறது. அந்த ஆய்வில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று. அவர்கள் எழுதிய மென்பொருள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்காகப் பயன்படவில்லை. தவறான விதியைக் கையாளும் ஒரு மாணவனைப் போல அது விடைகளைத் தரும். ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் அந்த விடைகளைப் பார்த்து, உள்ளே இருக்கும் விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளையின் மனத்துக்குள் பார்க்க ஆசிரியருக்குக் கண் பழகட்டும் என்பதற்காகக் கணினியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பே.

இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால், அவன் விரும்பிப் பார்க்கும் இயற்கணிதக் காணொளி ஏன் அவனுக்கு உதவவில்லை என்பது விளங்கும். காணொளிக்கு அவன் எழுதிய 35 தெரியாது. பாடத்தைத் தொலைவுக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை நாம் நெடுங்காலமாகச் செய்துவருகிறோம்: 1975இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பானதில் தொடங்கி, 2004இல் எடுசாட் என்ற கல்விச் செயற்கைக்கோள், 2018இல் நம் பாடநூல்களில் அச்சான க்யூஆர் குறியீடுகள், 2019இல் கல்வித் தொலைக்காட்சி என்று அது தொடர்கிறது. டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு நல்ல விளக்கம் ஒன்று இலவசமாகக் கிடைப்பதை நான் ஒருபோதும் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆயினும் இவை எல்லாவற்றிலும் பேச்சு ஒரு பக்கத்திலிருந்தே வருகிறது. பிள்ளையின் நோட்டில் என்ன இருக்கிறது என்பது அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேர்வதில்லை.

போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகிய மூவரும் அரசு நடுநிலை வகுப்புப் பிள்ளைகளிடையே அதை நடத்தி 2019இல் வெளியிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தார்கள். சீட்டுக் குலுக்கலில் தேர்வான பிள்ளைகள் பள்ளி முடிந்த பிறகு ஒரு மையத்துக்கு வந்தார்கள். நாளொன்றுக்கு ஒன்றரை மணிநேரம், வாரத்தில் ஆறு நாட்கள். பாதி நேரம் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளோடு உட்கார்ந்தார்கள். அது முதலில் பிள்ளை உண்மையில் எந்த நிலையில் நிற்கிறது என்று சோதித்தறிந்து, அந்த இடத்திலிருந்து கணக்குகளைக் கொடுக்கும். செய்யும் பிழையைப் பொறுத்து அடுத்த கணக்கை மாற்றும். மீதிப் பாதி நேரம் சிறு குழுவாக ஓர் உதவியாளரோடு அமர்ந்து படித்தார்கள். நாலரை மாதங்களில், மையத்துக்கு வாய்ப்புக் கிடைக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டால், நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் ஒரு பிள்ளை கணிதத்தில் ஏறத்தாழ 14 இடங்கள் முன்னே வரும் அளவுக்கு வளர்ச்சி தெரிந்தது. இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் இருந்தது.

இதே ஆய்வில் எனக்கு வலி தந்த செய்தி ஒன்றும் உண்டு. அவ்வளவு முன்னேறிய பிள்ளைகளின் கணித வளர்ச்சி, அவர்களுடைய பள்ளித் தேர்வில் தெரியவில்லை. காரணம் எளியது: நான்காம் வகுப்புக் கணக்கைப் புதிதாகக் கற்றுக்கொண்ட ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம், தேர்வுத்தாள் ஏழாம் வகுப்புக் கணக்கை மட்டுமே கேட்கிறது. அவன் ஏறிவந்த மூன்று படிகளைப் பார்க்க அந்தத் தாளுக்குக் கண் இல்லை. இப்படிப்பட்டவனைத்தான் நம் பதிவேடுகள் மெல்லக் கற்கும் மாணவன் என்று குறிக்கின்றன. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. அவன் மெதுவாகக் கற்கவில்லை. அவன் நிற்காத இடத்தில் நின்றுகொண்டு நாம் அவனுக்குக் கற்பித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, கரும்பலகையே போதும் என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் எல்லோர் முன்னிலையிலும் நடத்துவதில் கரும்பலகைக்கும் ஸ்மார்ட் போர்டுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. நம் திண்ணைப் பள்ளிகளில் ஒரு பிள்ளை மணலில் அகரம் எழுதிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இன்னொன்று எண்சுவடி ஒப்பித்துக்கொண்டிருக்கும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை ஒவ்வொருவரிடமும் பாடம் கேட்பான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பிள்ளைகள் இப்படி மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்துக்கொண்டார். 1797இல் அதைப் பற்றி அவர் இலண்டனில் வெளியிட்ட பிறகு, மெட்ராஸ் முறை என்ற பெயரிலேயே அது பிரிட்டனெங்கும் பரவியது. திண்ணைப் பள்ளியை நான் போற்றிப் பாடவில்லை. பிறப்பின் பெயரால் பெருவாரியான பிள்ளைகளையும், ஏறக்குறைய எல்லாப் பெண்குழந்தைகளையும் வெளியே நிறுத்திய இடம் அது; அந்தப் பிள்ளைகளை உள்ளே கொண்டுவந்தது நீங்கள் பணியாற்றும் பொதுப்பள்ளி. ஆனால் எல்லோரையும் உள்ளே கொண்டுவந்தபோது, ஒவ்வொருவரிடமும் தனியாகப் பாடம் கேட்கும் வழக்கம் கைநழுவிப்போனது. புதிய கருவிகள் அதை மீட்டுத் தரக்கூடும் என்பதுதான் அவற்றின் மீது நான் வைக்கும் நம்பிக்கை.

கருவியை வாங்கிக் கொடுத்தால் மட்டும் அது நிகழாது. பெரு நாட்டில் கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்தார்கள்; 319 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012இல் வெளியானபோது, கணிதத்திலும் மொழியிலும் மாற்றம் எதுவும் தென்படவில்லை.

நம் ஊரிலேயே இதன் மறுபக்கம் இருக்கிறது. பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தின் இழப்பை, முன்பு குறிப்பிட்ட முரளிதரனும் சிங்கும், மௌரீசியோ ரொமேரோவும் சேர்ந்து தமிழகத்தின் ஏறத்தாழ 220 கிராமங்களில் 19,000 பிள்ளைகளிடம் அளந்தார்கள். 2021 டிசம்பரில் இழப்பு மிகப் பெரிதாக இருந்தது, மொழியைவிடக் கணிதத்தில் ஏறத்தாழ இரு மடங்கு. பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் கிட்டத்தட்டக் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். மாலை வேளையில், அதே தெருவைச் சேர்ந்த ஒரு பெண் இருபது பிள்ளைகளை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்ட திட்டம் அது. தொழில்நுட்பத்துக்கு அதில் பங்கு உண்டு: தன்னார்வலர்கள் இணையத்தில் பதிவு செய்தார்கள், அவ்வளவு பெரிய கூட்டத்தை ஒருங்கிணைக்கச் செயலி இருந்தது. ஆனால் பிள்ளையின் எதிரே இருந்தது ஒரு முகம்.

இனி, பயிற்சியில் உங்களை அச்சுறுத்திய செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவினருக்கு, கேட்டதற்கு விடையைச் சொல்லிவிடும் சாட்ஜிபிடி போன்ற உரையாடு மென்பொருள். இன்னொரு பிரிவினருக்கு, விடையைச் சொல்லாமல் ஆசிரியர்கள் வகுத்துக் கொடுத்த குறிப்புகளைத் தரும்படி அமைத்த மென்பொருள். மூன்றாம் பிரிவினருக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சிக் கணக்குகளில் முதல் பிரிவினர் 48 சதவீதமும் இரண்டாம் பிரிவினர் 127 சதவீதமும் கூடுதலாகச் செய்தார்கள். பிறகு மென்பொருளை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, முதல் பிரிவினர் அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்புகள் மட்டும் பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு பெருமளவு நேரவில்லை. தேர்வில் அவர்களுக்குத் தனி ஆதாயமும் இல்லை. உங்கள் மாணவன் 52இல் 27 போனால் எவ்வளவு என்று கைபேசியிடம் கேட்டால், 25 என்று ஒரு நொடியில் வந்துவிடும். அவனிடம் இருக்கும் விதி அப்படியே இருக்கும். அவனுக்குத் தேவைப்படுவது, ‘இந்த 35 எப்படி வந்தது, சொல்லு பார்ப்போம்’ என்று கேட்கும் குரல். அதை ஒரு மென்பொருள் கேட்கும் காலம் வரக்கூடும், நல்லவிதமாகவே கேட்கக்கூடும். அப்போதும் அந்த மென்பொருள் விடையைச் சொல்லிவிடாமல் பொறுத்திருக்கும்படி வகுப்பதற்கு, உங்கள் பையனைப் போன்ற பிள்ளைகளை அறிந்த ஆசிரியர்கள் தேவைப்படுவார்கள்.

எனவே அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் வெறுமனே பழகிக்கொள்வதோடும் நின்றுவிடாதீர்கள், கேளுங்கள். பயிற்சிக்கு வருபவர்களிடம், இந்தக் கருவி என் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று எனக்குச் சொல்லுமா என்று கேளுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று மட்டும் சொன்னால், அந்தக் கணக்கு உங்களுக்குப் பயன்படாது. கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பள்ளி நேரத்திலேயே கணினியில் உட்கார வழி உண்டா என்று கேளுங்கள். அன்று நீங்கள் இழந்த பாதி வகுப்பை மறுபடியும் இழக்கக் கூடாது. பதிவேற்றும் வேலையைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் பெரிய செய்தியாகவே எண்ணுகிறேன். ஆசிரியரின் சுமையைக் குறைக்கும் என்று சொல்லி வந்த கருவி, பிள்ளையின் நோட்டைப் பார்க்க வேண்டிய அரைமணி நேரத்தை எடுத்துக்கொள்ளுமானால், அதை எதிர்த்துச் சொல்வது உங்கள் கடமை. சங்கக் கூட்டத்திலும் ஆய்வுக் கூட்டத்திலும் சொல்லுங்கள்.

அந்தப் பையனுக்காக ஒன்று சொல்லலாமா? போர்டில் போட்டுக் காட்டுவதைச் சில நாள் நிறுத்திவையுங்கள். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் அவன் கையில் கொடுத்து, அதிலிருந்து 27 குச்சி தரச் சொல்லுங்கள். இரண்டு கட்டுகளைக் கொடுத்துவிடுவான். பிறகு ஏழு உதிரிக் குச்சி வேண்டும். அவனிடம் இரண்டுதான் இருக்கும். அங்கே அவன் தயங்குவான். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் காத்திருங்கள். அவனாகவே ஒரு கட்டை அவிழ்த்தானா, எவ்வளவு நேரம் ஆயிற்று, அப்போது என்ன சொன்னான் என்பதை முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.