முதலில் ஆறு, அப்புறம் மலை

ஒரே நாளில் மலையூரும் பார்க்க வேண்டும், ஆற்றில் ராஃப்டிங்கும் (ரப்பர் படகில் பாறைகளுக்கு நடுவே துடுப்புப் போட்டுப் போவது) போக வேண்டும் என்று கேட்டு வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழ் பயணப் பகுதிக்குச் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

கே: தாமிரபரணியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. பாபநாசத்தில் ரப்பர் படகை இறக்கினால் திருநெல்வேலி வரைக்கும் வந்துவிடலாமே, ஏன் யாரும் செய்வதில்லை?
*— வாசகர், விக்கிரமசிங்கபுரம்*

ப: படகு வந்து சேரும். ஆள் வந்து சேர்வது சந்தேகம்.

பாபநாசத்துக்கு மேலே ஆறு களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே படகு இறக்குகிற பேச்சுக்கே இடமில்லை. கீழே வந்தால் அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மொத்தம் 8. திருநெல்வேலி டவுனுக்கு வருவதற்குள்ளேயே 6 கட்டுகளைத் தாண்டியாக வேண்டும்.

பாறை ஆற்றைவிடக் கட்டு ஏன் ஆபத்து என்றால், முகட்டைத் தாண்டி விழும் தண்ணீர் நேரே அடிக்குப் போய்க் குடைகிறது. சில அடி தள்ளி மேலே எழும்பி, அதில் ஒரு பங்கு மேற்பரப்பு வழியாகத் திரும்பக் கட்டை நோக்கியே உருளுகிறது. மிதக்கிற எதுவும் அந்த உருளலில் மாட்டினால் சுவருக்கு இழுபடும், முங்கும், எழும், மறுபடி இழுபடும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் இதே கதைதான். போதாக்குறைக்கு நுரைத்த தண்ணீரில் பாதி காற்று. மிதக்கும் சக்தியும் குறைந்துவிடும். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் வேகமாகத் துள்ளி ஓடும் பாய்ச்சலில் ஓரத்தில் எங்காவது ஒரு வழி திறந்திருக்கும். கட்டு கரைக்குக் கரை ஒரே சீராக நிற்பதால் நழுவி வெளியேற இடமே கிடையாது. மேலிருந்து வருகிறவருக்கோ தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரியும். பத்தடிக்கு முன்னால்தான் கட்டு இருப்பதே புரியும். கட்டுக்குக் கீழே குளிக்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று, பாபநாசம் தாண்டியதும் ஆறு சமதளத்துக்கு வந்துவிடுகிறது. கட்டுகளை விட்டால் நடுவில் துள்ளலே இல்லை. கசம் (ஆழமான மடு), மணல்திட்டு, கசம், மணல்திட்டு. ராஃப்டிங்குக்கு வேண்டியது சரிவும் பாறையும். நமக்கு வாய்த்தது நெல்லுக்கான ஆறு.

கே: தென்காசியிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்புகிற மாதிரி ஏதாவது உண்டா? பத்து வயதுப் பையனும் வருகிறான்.
*— வாசகி, இலஞ்சி*

ப: ரப்பர் படகில் பாறைக்கு நடுவே போகிற ராஃப்டிங் ஒரு நாள் தூரத்தில் இல்லை. பையனுக்கும் அது இப்போது வேண்டாம். பரிசல் உண்டு. கேரளாவில் கோன்னி–தண்ணித்தோடு சாலையில் அடவி என்கிற இடத்தில், கல்லாற்றில் ஓட்டுகிறார்கள். செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர், பத்தனாபுரம், கோன்னி என்று போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டரைக்குப் பரிசல் துறையில் நிற்கலாம். பத்தரைக்கு மேல் போனால் வரிசைதான். திரும்பும்போது கோன்னி யானைக்கூடு, தென்மலைக்கு இந்தப் பக்கம் கழுதுருட்டியில் 13 கண் ரயில் பாலம், சாயங்காலம் குற்றாலத்தில் குளியல். குற்றாலத்தை முதலில் வைத்தால் அருவியில் எப்போது குளிக்க விடுவார்கள், எப்போது தடை போடுவார்கள் என்று காத்தே பாதி நாள் போய்விடும். இருட்டிய பிறகு புளியரை எஸ் வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டால் மொத்த மலைப்பாதையும் நிற்கும். ஆறு மணிக்குள் ஆரியங்காவைத் தாண்டிவிடுங்கள்.

தேக்கடியில் 'மூங்கில் ராஃப்டிங்' என்று போர்டு பார்த்துவிட்டுச் சிலர் ஏமாறுகிறார்கள். அது காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து நாள் முழுக்க நடக்கிற காட்டு நடை. நடுவில் தேக்கத்தில் மூங்கில் தெப்பத்தில் மெதுவாகப் போவீர்கள். அருமையான விஷயம்தான், ஆனால் அலை கிடையாது.

கே: டெல்லி, ஹரித்வார் என்று போகிறோம். ரிஷிகேஷில் தங்கி ஒரே நாளில் ராஃப்டிங், முசோரி இரண்டையும் முடிக்க முடியுமா? ஏஜெண்ட் காலையில் முசோரி, மத்தியானம் ராஃப்டிங் என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்.
*— வாசகர், வள்ளியூர்*

ப: முடியும், ஆனால் ஏஜெண்ட் போட்ட வரிசையைத் தலைகீழாகத் திருப்புங்கள்.

ரிஷிகேஷிலிருந்து டேராடூன் வழியாக முசோரி ஏறக்குறைய 80 கி.மீ. கடைசி 35 கிலோமீட்டர் வளைவு வளைவான ஏற்றம். சாதாரண நாளில் மூன்று மணி நேரம், சனி ஞாயிறில் ஐந்தும் ஆகும். அந்தப் பாதையை நம்பி மத்தியானப் படகைப் பிடிக்க ஓடினால் ஒன்று படகு போய்விடும், அல்லது டிரைவர் விரட்டுவார். மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலே காற்று ஏறும். படகு போவது மேலிருந்து கீழே. எதிர்காற்றில் துடுப்புப் போட்டுத் தோள் கழன்றுவிடும். குளிர்காலத்தில் நாலு மணிக்கெல்லாம் மலை நிழல் ஆற்றில் விழுந்துவிடும். ஈரத்துணியோடு நடுங்கத்தான் வேண்டும்.

நடைமுறைக்கு ஒத்துவரும் கணக்கு இது. காலை ஏழரைக்கு, ரிஷிகேஷை ஒட்டிய தபோவனில் ராஃப்டிங் கம்பெனி வாசலில் இருங்கள். முதல் ஜீப்பில் ஏறினால் எட்டரைக்குச் சிவபுரி. அங்கிருந்து ரிஷிகேஷ் வரை 16 கி.மீ. ஆறு, பாடம் சொல்வது, நடுவில் நிறுத்துவது எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம். பதினொன்றரைக்குத் துணி மாற்றிவிட்டு வண்டி ஏறுங்கள். டேராடூனில் சாப்பாடு. ஏற்றம் தொடங்குவதற்கு முன் அரை வயிறுதான். மீதி அரை வயிற்றை வளைவுகள் வெளியே எடுத்துவிடும். மூன்றரைக்கு முசோரி, ஆறரைக்கு இறக்கம். கெம்ப்டி அருவியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஊரைத் தாண்டி இன்னும் 15 கி.மீ.; குற்றாலம் பார்த்த கண்ணுக்கு அது பெரிய அதிசயமும் இல்லை. முடிந்தால் இரவு டேராடூனிலேயே தங்குங்கள், ரிஷிகேஷ் அறையைக் காலையிலேயே காலி செய்துவிட்டு.

மெரின் டிரைவ் என்ற இடத்திலிருந்து 24 கி.மீ., கௌடியாலாவிலிருந்து 36 கி.மீ. என்று நீளமான பயணங்களும் உண்டு. முசோரியும் வேண்டும் என்றால் அவை ஒத்துவராது. பிரம்மபுரியிலிருந்து 9 கி.மீ. போதும் என்று சிலர் விற்பார்கள்; நேரம் மிச்சம்தான், ஆனால் நல்ல பாய்ச்சல்கள் மேலேயே நின்றுவிடும். பாய்ச்சல்களை எளிதானதிலிருந்து ஆபத்தானது வரை 1 முதல் 6 என்று கிரேடு போடுவது உலக வழக்கம். சிவபுரிக்குக் கீழே பெரும்பாலும் 2, 3. கௌடியாலாவிலிருந்து வரும் பாதையில் பியாசி பக்கத்தில் 'தி வால்' என்று ஒன்று 4. முதல் தடவைக்காரர்களுக்கு அது வேண்டாம்.

போன வருஷம் போனவர் சொன்ன அலை இந்த வருஷம் இருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாகீரதியில் தெஹ்ரி அணை மின்சாரத்துக்காகத் திறப்பதையும் மூடுவதையும் பொறுத்து கங்கை மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்கும். தண்ணீர் கூடினால் எல்லாப் பாய்ச்சலும் பெரிதாகும் என்று நினைக்காதீர்கள். சில பாறைகள் முழுகி அலையே மறைந்துவிடும், சில இடங்களில் புதிதாகச் சுழி போடும்.

கே: நீச்சல் தெரியாதவர்கள் போகலாமா? எனக்குத் தெரியும், கசத்திலேயே நீந்திப் பழகியவன். என் மனைவிக்குத்தான் தெரியாது. என்ன உடுத்த வேண்டும், தாலிச் சங்கிலியை என்ன செய்வது?
*— வாசகர், கல்லிடைக்குறிச்சி*

ப: பயம் உங்கள் விஷயத்தில்தான். நீச்சல் தெரியாதவர் வழிகாட்டி சொன்னதைச் செய்வார். நீந்தத் தெரிந்தவர் தண்ணீரில் விழுந்ததும் கால் ஊன்றி நிற்கப் பார்ப்பார். ஓடுகிற ஆற்றில் அதுதான் கொல்லும். இரண்டு பாறைக்கு நடுவே பாதம் சிக்கினால், இடுப்பளவுத் தண்ணீரே முதுகில் தள்ளி முகத்தை முக்கிவிடும். விழுந்தால் மல்லாந்து படுங்கள், கால்கள் தண்ணீர் போகும் பக்கம், கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். வருகிற பாறையைப் பாதத்தால் உதைத்து விலகலாம். படகுக்கு அடியில் போய்விட்டால் இரண்டு கையையும் மேலே வைத்துப் படகின் அடிப்பாகத்தைத் தள்ளிக்கொண்டே ஒரே திசையில் போங்கள். திசையை மாற்றினால் நடுவிலேயே சுற்றுவீர்கள். கயிறு வீசினால் கையில் சுற்றாதீர்கள். நெஞ்சோடு பிடித்து, தோளுக்கு மேலே கயிறு போகிற மாதிரி மல்லாந்து இருங்கள், இழுப்பது அவர்கள் வேலை.

லைஃப் ஜாக்கெட்டை நீங்களே சோதியுங்கள். பக்கிள்கள் எல்லாம் மாட்டி, கீழ்ப் பட்டையிலிருந்து மேலே மேலே இறுக்குங்கள். மனைவியை நிற்கவைத்து, ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்குங்கள். காது வரைக்கும் வந்தால் அது பெரிய சைஸ். தண்ணீரில் ஆள் கீழே போவார், ஜாக்கெட் மட்டும் மேலே வரும். மாற்றிக் கேளுங்கள். கூச்சமே வேண்டாம்.

துடுப்பின் மேல்முனையில் டி மாதிரி ஒரு பிடி இருக்கும். ஒரு உள்ளங்கை எப்போதும் அதன்மேல் மூடியிருக்க வேண்டும். ராஃப்டிங்கில் ஆற்றைவிடப் பக்கத்து ஆளின் இந்தப் பிடிதான் அதிகப் பல்லை உடைக்கிறது. உட்காருவது படகுக்கு உள்ளே அல்ல, வெளி விளிம்புக் குழாய்மேல்; ஒரு பாதத்தை முன்னால் இருக்கும் குறுக்குக் குழாய்க்கு அடியில் சொருகிக்கொள்ளுங்கள். அலையைக் கண்டதும் துடுப்பை நிறுத்துவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. துடுப்பு தண்ணீருக்குள் இருக்கிற வரைக்கும் அதுவும் ஒரு பிடிமானம்.

உடுப்பு: சேலை, துப்பட்டா, வேட்டி, ஜீன்ஸ் எதுவும் ஆகாது. டி-ஷர்ட், ட்ராக் பேண்ட், பின்னால் பட்டை வைத்த செருப்பு. ஹவாய் செருப்பு முதல் அலையிலேயே ஹரித்வாருக்குப் போய்விடும். பின்னலை ஹெல்மெட்டுக்குள் மடித்து வையுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றமாட்டார்கள் என்றால், டி-ஷர்ட்டுக்குள் போட்டு, உள்ளாடைப் பட்டையில் ஊக்கு குத்திவிட்டு அதற்குமேல் ஜாக்கெட். மற்ற நகையை அறையிலேயே வையுங்கள்; ஈரமான குளிர்ந்த விரலில் மோதிரம் தானாக நழுவும். மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள். இருதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, சமீபத்திய அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்றால் கரையில் இருப்பதே சரி.

கே: எங்களுக்கு லீவு ஜூலையில்தான். அப்போது ரிஷிகேஷ் போகலாமா?
*— வாசகர், மேலப்பாளையம்*

ப: ஜூலை, ஆகஸ்டில் அங்கே ராஃப்டிங்குக்குப் பூட்டு. நமக்குச் சாரல் சீசன் என்றால் கங்கைக்கு அது வெள்ளச் சீசன். அந்த மாதங்களில் குடகுக்குப் போங்கள். தெற்குக் குடகில் பாரப்போளே ஆறு மழைக்காலத்தில் மட்டும்தான் ராஃப்டிங்குக்கு ஆகும். மற்ற மாதங்களில் வெறும் பாறை. மணியாச்சியில் சாயங்காலம் தூத்துக்குடி–மைசூர் ரயிலைப் பிடித்தால் மறுநாள் காலை மைசூர். அன்று கோணிகொப்பல் பக்கம் போய்த் தங்குங்கள். அடுத்த நாள் காலை ஆறு, மத்தியானம் மடிக்கேரி. இங்கேயும் அதே வரிசைதான், காரணம் வேறு: அங்கே ஆறு சின்னது, மேலே ஒரு மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் மட்டம் மாறும். காலையில் தள்ளிப்போட்டாலும் மத்தியானம் இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். படகு முடிகிற இடத்திலிருந்து காட்டுக்குள் கொஞ்சம் நடை உண்டு. அட்டைக்கு உப்பும் சுண்ணாம்பும் கொண்டுபோங்கள், நம் மாஞ்சோலைப் பக்கம் செய்கிற மாதிரியே. காரில் போகிறவர்கள் சாவியைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படகில் ஏறாதீர்கள். ரிமோட் சாவி நனைந்தால் மெக்கானிக் வருகிற வரைக்கும் மழையில் நிற்க வேண்டியதுதான்.

கே: ரிஷிகேஷில் குறைந்த வயது எவ்வளவு?
*— வாசகர், களக்காடு*

ப: 14. "பரவாயில்லை, உட்காரவையுங்கள்" என்று சொல்கிற கம்பெனி வேறு எதற்கெல்லாம் பரவாயில்லை சொல்லும் என்று யோசியுங்கள்.

கே: முன்பணம் கட்டிய பிறகு மழை வந்தால் பணம் திரும்புமா?
*— வாசகி, அம்பாசமுத்திரம்*

ப: மழைக்காக மட்டும் நிறுத்தமாட்டார்கள், எப்படியும் நனையத்தானே போகிறீர்கள். தண்ணீர் கலங்கி, மரக்கிளையும் குப்பையுமாக வந்து, மட்டம் ஏறுகிறது என்றால் நிறுத்துவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். "நீங்கள் நிறுத்தினால் முழுப் பணமா, வேறு தேதியா?" என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஜீப், ஹெல்மெட், துணி மாற்ற இடம் எல்லாம் அந்தத் தொகைக்குள்தானா என்றும் கேளுங்கள். வீடியோவுக்கு மட்டும் கடைசியில் தனியாகக் கேட்பார்கள்.