வாங்குமுன் கேளுங்கள்: மலை இல்லாத ஊரில் மவுண்டன் பைக்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மவுண்டன் பைக் பற்றியவை. இடத்துக்காகச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பதினாறு வயது மகன் முன்னுக்கும் பின்னுக்கும் சொக் உள்ள 21 கியர் சைக்கிள் கேட்கிறான். காட்டுப் பாதைக்கு அதுதான் சரி என்று கடைக்காரரும் சொல்கிறார். வாங்கிக் கொடுக்கலாமா?
— ஒரு தாய், நெல்லியடி

பதில்: வேண்டாம் அக்கா. நல்ல இரட்டைச் சொக் சைக்கிளின் விலை நீங்கள் எழுதியிருக்கும் தொகையைப்போலப் பல மடங்கு. அந்தத் தொகைக்கு வருவது வெறும் சுருள் கம்பி. சொக்குக்கு அமுங்க ஒரு வில் வேண்டும், திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்த எண்ணெயும் வேண்டும். எண்ணெய் இல்லாத வில் ஒரு பள்ளத்தில் அமுங்கி அடுத்த பள்ளத்தில் ஆளைத் தூக்கி எறியும். மலிவான பின் சொக் ஒவ்வொரு உழக்கலுக்கும் அமுங்கிக் காலின் பலத்தைத் தின்னும். அது ஆடும் மூட்டில் இருப்பது பிளாஸ்ரிக் புஷ். செம்மண் தூள் புகுந்தால் பின் சில்லு பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். சைக்கிளின் எடையும் 17, 18 கிலோ வரும்.

21 கியர் என்பது மூன்றை ஏழால் பெருக்கிய கணக்கு. அதில் பல ஒன்றையொன்று ஒத்தவை. எண்ணுவதை விட்டுப் பின் சில்லின் நடுவைப் பாருங்கள். பற்சில்லுகளைப் பின்பக்கமாகச் சுழற்றுங்கள். மிகச் சின்னப் பற்சில்லுக்கு உள்ளே தெரியும் வெட்டு வளையம் சேர்ந்து சுழன்றால் அது கசற், அதாவது சில்லின் நடுக்குழலில் செருகிப் பூட்டிய பற்சில்லுத் தொகுதி. அசையாமல் நின்றால் திருகிப் பூட்டிய பிறீவீல். பிறீவீலில் வலப்பக்கப் பெயாரிங் பிறேமிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் அச்சு அந்தப் பக்கம் தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கும். பையன் வரம்பிலிருந்து குதித்து இறக்கினால் அந்த இடத்தில்தான் வளையும், முறியும்.

வாங்க வேண்டியது இது: அலுமினியப் பிறேம், கசற் பூட்டிய பின் சில்லு, டிஸ்க் பிறேக், 2.2 அங்குலத்துக்குக் குறையாத ரயர். பின் சொக் வேண்டாம். எங்கள் ஒழுங்கைகளில் சொக்கின் வேலையில் பெரும்பகுதியை அகலமான ரயரே செய்துவிடும். எண்ணெய்ச் சொக் கட்டுப்படியாகாவிட்டால் சொக் இல்லாத முன் போர்க்கே (முன் சில்லைப் பிடிக்கும் கவடு) மேல். வெறும் சுருள் போர்க் ஒன்றுக்கு நானும் காசைக் கொட்டியிருக்கிறேன். ஒரு மாரிக்குள் உள்ளே துருப்பிடித்து இறுகிவிட்டது.

கேள்வி: 29 அங்குலச் சில்லா, 27.5 ஆ? என் உயரம் 5 அடி 3 அங்குலம்.
— வட்டுக்கோட்டை

பதில்: 27.5. இரு காலும் நிலத்தில் ஊன்றி நிற்கும்போது மேல்குழாய்க்கும் உடலுக்கும் இடையில் 5 சென்ரிமீற்றராவது வெளி வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு விலைக்கழிவு தந்தாலும் அந்தப் பிறேம் உங்களுக்குப் பெரிது.

கேள்வி: மூன்று கிழமைக்கு முன் புதுச் சைக்கிள் வாங்கினேன். திருப்பும்போது கால்விரல் முன் சில்லில் முட்டுகிறது. பள்ளத்தில் இறங்கினால் சில்லு பிறேமில் உரசுகிறது. நேற்று விழுந்து முழங்கை உரிந்துவிட்டது. கடைக்காரர், "நீர் எங்கேயோ கொண்டுபோய் மோதி வளைச்சுப்போட்டீர்" என்கிறார். பில்லில் "சைக்கிள் 1" என்று மட்டும் இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.
— மாணவன், சாவகச்சேரி

பதில்: தம்பி, நீங்கள் ஒன்றையும் வளைக்கவில்லை. படத்தில் முன் பிறேக்கின் பிடிகட்டை (தட்டை நசித்துப் பிடிக்கும் பகுதி) வலப்பக்கத்தில், போர்க் காலுக்கு முன்னால் இருக்கிறது. அது இடப்பக்கத்தில், காலுக்குப் பின்னால் இருக்க வேண்டியது. உங்களுக்கு விற்றவர் போர்க்கையே பின்முன்னாகப் பூட்டியிருக்கிறார். முன்னுக்கு நிற்க வேண்டிய அச்சு பின்னுக்கு வந்ததால்தான் விரல் முட்டுகிறது, சில்லு உரசுகிறது. அதைவிட ஆபத்து பிறேக். பிடிகட்டையைப் போர்க்கோடு சேர்த்து அழுத்த வேண்டிய விசை இப்போது அதைப் பிடுங்கி எடுக்கப் பார்க்கிறது. பிறேக் தட்டில் பொறித்த அம்புக்குறியைப் பாருங்கள், அதுவும் எதிர்ப்பக்கம் காட்டும். திருத்தும்வரை ஒரு முழம்கூட ஓடாதீர்கள்.

திருத்துவது கடைக்காரரின் செலவு. எழுத்தில் கேளுங்கள். வாங்கிய திகதி, பில்லின் பிரதி, பெடல் குழாயின் (பெடல் அச்சு ஓடும் குறுக்குக் குழாய்) அடியில் பொறித்திருக்கும் பிறேம் இலக்கம், இந்தப் படம், மருந்து கட்டிய இடத்தில் தந்த துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போங்கள். தொலைபேசி இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, கடைக்காரர் "நாளைக்கு வாரும்" என்று இழுத்தடிக்க விடாதீர்கள். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. அடுத்த தடவை மாடலையும் பிறேம் இலக்கத்தையும் அதில் எழுதுவித்து வாங்குங்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. பெட்டியில் வரும் சைக்கிளுக்கு முன் சில்லு, ஹாண்டில், பெடல், சீற் எல்லாம் கடையில்தான் பூட்ட வேண்டும். பூட்டி, பிறேக்கையும் கியரையும் சரிசெய்து, சில்லுக் கம்பி இறுக்கம் பார்க்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். அதை இருபது நிமிஷத்தில் முடித்து வாசலில் நிறுத்துகிறார்கள். மிச்சம் பிடித்த நேரத்துக்கு விலை கொடுப்பது பிள்ளைகளின் பல்லும் எலும்பும்.

ஆகவே காசு கொடுக்குமுன் கடை வாசலிலேயே பாருங்கள். முன் பிறேக்கை அழுத்திப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹாண்டில் கழுத்தில் "டக்" என்று தட்டக்கூடாது. தட்டினால் ஹெட்செற், அதாவது ஹாண்டில் கழுத்துப் பெயாரிங், இளக்கம். முன் சில்லை இரு முழங்காலுக்கும் இடையில் இறுக்கிக்கொண்டு ஹாண்டிலைத் திருப்புங்கள். ஹாண்டில் தனியே திரும்பினால் போல்ட் இறுகவில்லை. இடப் பெடலின் புரி எதிர்ப்பக்கம் திரும்புவது. அதைத் தெரியாமல் முறுக்கி ஏற்றியிருந்தால் பெடலைத் தாங்கும் கிராங்கின் புரி சிதைந்து பெடல் சாய்ந்து நிற்கும். சில்லைத் தூக்கிச் சுழற்றிக் கோட்டம் பாருங்கள். கம்பிகளை இரண்டிரண்டாக நசியுங்கள், ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. அதற்கு முகம் சுழிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: முகநூலில் பார்த்த பாவித்த கார்பன் சைக்கிளுக்கு நேரில் பார்க்காமலே முழுக் காசையும் அனுப்பினேன். வந்து பார்த்தால் கீழ்க்குழாயில் விரல் நீளக் கீறல். பெயின்ற் அடித்து ஓடலாமா?
— கொக்குவில்

பதில்: ஓடவும் வேண்டாம், பெயின்ற் அடிக்கவும் வேண்டாம். கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். பிறகு ஒரு நாணயக் குற்றியால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டு போங்கள். நகம் சிக்கி, கீறலடியில் சத்தம் மந்தமாக மாறினால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. அலுமினியம் வளையலாம், கார்பன் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். கீழ்க்குழாய், பெடல் குழாய், பிறேம் இலக்கம் என்று மூன்று படம் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிராது. காசு போனபின் கேட்கிற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

கேள்வி: நெருஞ்சி முள்ளால் கிழமைக்கு இரண்டு தரம் காற்றுப் போகிறது. ரயரில் எழுதியிருக்கிறபடி 65 பி.எஸ்.ஐ. அடித்தும் பயனில்லை.
— அச்சுவேலி

பதில்: 65 என்பது ரயர் தாங்கும் உச்சம், ஓடுவதற்கான அளவு வேறு. 65 முதல் 70 கிலோ ஆளுக்கு, 2.2 அங்குல ரயரில் ரியூப்போடு, முன்னுக்கு 28, பின்னுக்கு 30 போதும். மணற்காட்டு மணலில் 20க்குக் கிட்ட இறக்கலாம். அதே காற்றோடு முருகைக்கல் பாதையில் ஏறினால் றிம் ரியூப்பைக் கடித்து இரட்டை ஓட்டை போடும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போகிறதென்றால் முள்ளின் நுனி இன்னும் ரயருக்குள் இருக்கிறது. விரலுக்குத் தெரியாது. ஒரு துண்டுப் பஞ்சை உட்புறம் நெடுக ஓட்டுங்கள், இழை சிக்கும் இடத்தில் முள் இருக்கும், குறட்டால் பிடுங்குங்கள். நிரந்தர வழி ரியூப் இல்லாமல் அடைப்புப் பால் ஊற்றி ஓடுவது. றிம்மும் ரயரும் அதற்கென்று செய்தவையாக இருக்க வேண்டும். 29 அங்குலச் சில்லு ஒன்றுக்கு 100 முதல் 120 மில்லிலீற்றர். எங்கள் வெயிலுக்கு அது காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருதரம் திறந்து பாருங்கள்.

கேள்வி: கனடாவிலிருந்து மாமா நல்ல மவுண்டன் பைக் ஒன்று அனுப்புகிறார். பெட்டியில் வேறென்ன வைக்கச் சொல்லலாம்?
— சுன்னாகம்

பதில்: முதலில், பின் கியர் தொங்கும் சின்ன அலுமினியத் துண்டு இரண்டு. விழுந்தால் வளைவது அதுதான், பிறேமுக்குப் பிறேம் வடிவம் வேறு, பொதுவாகக் கடையில் கிடைக்காது. பிறகு தட்டை உரசும் பிறேக் பாட் இரண்டு சோடி, அந்தப் பிறேக்குக்குரிய எண்ணெய், போர்க்குக்குக் காற்றடிக்கும் சின்னப் பம், மெல்லிய பிரெஸ்ரா வால்வுக்கு மாற்றி. எண்ணெயில் கவனம். மினரல் எண்ணெய்ப் பிறேக்கில் டொட் எண்ணெய் ஊற்றினால் உள்ளே ரப்பர் ஊதிப் பழுதாகும், மாறி ஊற்றினாலும் அப்படித்தான். இன்னொன்று, மோட்டார் சைக்கிளில் வலக்கை முன் பிறேக். அங்கிருந்து வரும் சைக்கிளில் இடக்கை. மாற்றிப் பூட்டிவிட்டு ஏறுங்கள்.

கேள்வி: நுவரெலியாப் பக்கம் முதல் தடவை போட்டி ஓடப் போகிறேன். பயிற்சி வல்லை வெளியிலும் செம்மண் ஒழுங்கையிலும்தான். 100 மி.மீ. அமுங்கும் காற்றுப் போர்க், முன்னுக்கு 36 பல், பின்னுக்கு 11–36. எடை 64 கிலோ. என்னென்ன மாற்ற வேண்டும்?
— கோப்பாய்

பதில்: முதலில் பல். 36க்கு 36 என்றால் ஒரு உழக்கலுக்குச் சில்லு ஒரு சுற்று. சோளகக் காற்றை எதிர்த்து வல்லை வெளி தாண்ட அது போதும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஏற்றத்தில் முழங்கால் போய்விடும். முன்னுக்கு 32 போடுங்கள். பின் பல்லை மாற்றாவிட்டால் செயினில் இரண்டு கண்ணி கழற்ற வேண்டி வரலாம். பின் கியர் ஏற்குமென்றால் பின்னுக்கு 42 அல்லது 46 வரை போகும் கசற்றும் மாற்றுங்கள்.

போர்க்கின் காலில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, தண்ணீர்ப் போத்தலோடு ஏறிப் பெடலில் எழுந்து நின்று மெதுவாக இறங்குங்கள். வளையம் 20 முதல் 25 மி.மீ. ஏறியிருக்க வேண்டும். குறைந்தால் காற்றை வெளியே விடுங்கள், கூடினால் 5 பி.எஸ்.ஐ. வீதம் அடியுங்கள். வளையம் இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்ரிக் கேபிள் ரை போதும்.

பிறேக்தான் எனக்குக் கவலை. யாழ்ப்பாணத்தில் இறக்கம் இல்லாததால் கெட்ட பிறேக்கும் நல்ல பிறேக்காகத் தெரியும். புதுப் பாட் போட்டு, 25 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சில்லு இறுகாமல், ஒவ்வொரு பிறேக்கையும் இருபது தரம் பிடித்து விடுங்கள். அப்போதுதான் பாட்டின் படலம் தட்டில் ஏறும். செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரே தட்டில் பட்டால் பாட் போய்விட்டதென்று வையுங்கள். மலையகச் சேறு ரெசின் பாட்டை வேகமாகத் தின்னும். உலோகப் பாட் தாக்குப்பிடிக்கும், ஆனால் தட்டில் "ரெசின் மட்டும்" என்று பொறித்திருந்தால் போடக்கூடாது. நீண்ட இறக்கத்தில் பிறேக்கை விடாமல் உரசிக்கொண்டு போகாதீர்கள். வளைவுக்கு முன் இறுகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டு ஆற விடுங்கள். இறக்கத்துக்குச் சீற்றை நாலைந்து சென்ரிமீற்றர் பதியுங்கள்.

கேள்வி: சீற் குழாய் பிறேமோடு இறுகிவிட்டது. சுத்தியலால் அடித்தும் அசையவில்லை.
— காரைநகர்

பதில்: அடிப்பதை நிறுத்துங்கள். இரும்புப் பிறேமுக்குள் அலுமினியக் குழாய், மேலே கடற்காற்றின் உப்பு. இரண்டும் அரித்து ஒட்டியிருக்கும். இறுக்கும் போல்டைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் குழாய்ப் பக்கத்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் வையுங்கள். பிறகு சீற்றைப் பிடித்துப் பக்கவாட்டில் முறுக்குங்கள், இழுக்க வேண்டாம். அசைந்தால் மறுபடி எண்ணெய், மறுபடி முறுக்கு. வெளியே வந்ததும் வெள்ளைத் தூளைத் துடைத்துக் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். காரைநகரில் மூன்று மாதத்துக்கு ஒருதரம் இதைச் செய்ய வேண்டும்.